பத்து நாள் உத்தரவு

மனநோய் முற்றிய ஒருவரைச் சிகிச்சைக்குக் கொண்டுசேர்க்க ஒரு குடும்பம் யாரிடம் போக வேண்டும்? சட்டம் வழி சொல்லியிருக்கிறது. அந்த வழி எங்கே போய் நிற்கிறது?

ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் விட்டு ஆட்கள் வீடு திரும்பும் நேரம். ஒரு வீட்டின் பின்கட்டு அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. உள்ளே முப்பது வயது தாண்டிய மகன். சோற்றுத் தட்டு ஜன்னல் கம்பி வழியாகத்தான் உள்ளே போகிறது. சில நாள் தட்டு காலியாவதே இல்லை. சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று காதுக்குள் ஒரு குரல் சொல்லியிருக்கும். நள்ளிரவில் அவர் கதவை உதைக்கும் சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் முதல் வருஷம் பரிதாபப்பட்டார், மறு வருஷம் முகம் சுளித்தார், இப்போது “ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன்” என்கிறார். கோடாங்கியிடம் குறி கேட்டாயிற்று. கயிறு மந்திரித்துக் கட்டியாயிற்று. “பேசாம ஏர்வாடியில கொண்டு போய் விட்டுருங்க மதினி” என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. அவருக்குப் பிறகு அந்தத் தட்டை நீட்ட யார் இருக்கிறார்கள்?

இது ஒரு வீட்டின் கதை அல்ல. மனச்சிதைவு நோயோ, முற்றிய இருதுருவ நோயோ உள்ள ஒருவரை வைத்துக்கொண்டு தவிக்கும் பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து எழுதியது. சாத்தூரிலும் சிவகாசியிலும் சங்கரன்கோவிலிலும் இதே தாழ்ப்பாள் உண்டு.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 0.8 சதவீதம் பேர் அந்த நேரத்தில் கடுமையான மனநோயோடு இருந்ததாகக் கணக்கிட்டது. ராஜபாளையம் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி 19.42 லட்சம். இதில் வயது வந்தவர்களுக்கு மட்டும் அதே விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் சுமார் பத்தாயிரம் பேர். இவர்களில் பலர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறவர்கள். நோய் இருப்பதையே ஏற்க முடியாத நிலையில் இருப்பவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். “எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் பைத்தியம்” என்று அவர்கள் சொல்வது பிடிவாதத்தால் அல்ல. தனக்கு நோய் என்ற உணர்வையே மறைப்பது அந்த நோயின் ஒரு கூறு.

இப்படிப்பட்டவருக்காக நீதிமன்றத்தையும் நாடலாம். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை. ராஜபாளையத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அதே ஊரில்தான். ராஜபாளையத்திலேயே நடுவர் நீதிமன்றம் உண்டு. அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து மகனை மருத்துவரிடம் சேர்க்கும்படி உத்தரவிட ஒரு நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. ஏர்வாடிக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இது தெரியாது.

ஏர்வாடியும் நம் மாவட்டமாக இருந்தது

1985 வரை ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஏர்வாடியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். பிறகு மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஏர்வாடி தர்காவில் தங்கினால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை எல்லைக்கோடு பார்க்கவில்லை. மதம் பார்க்காமல், மாநிலம் பார்க்காமல் ஆட்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சுற்றிலும் தனியார் ‘மனநலக் காப்பகங்கள்’ முளைத்தன. கீற்றுக் கொட்டகை, கட்டில், காலில் சங்கிலி.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மொய்தீன் பாதுஷா காப்பகம் என்ற கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சங்கிலி சற்றுத் தளர்வாக இருந்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்களால் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். பல உடல்களை இன்னார் என்று அடையாளம் காணக்கூட முடியவில்லை. ஒரு வாரத்தில் அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்தது.

உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 2002 பிப்ரவரியில் அது பிறப்பித்த உத்தரவில், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்றது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது சட்டவிரோதம் என்பதையும், அவரைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அல்ல, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் கிராமம் கிராமமாகப் பரப்பச் சொன்னது. இன்றுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்கு (2017) முன்னால் இந்த 28 பேர் கிடக்கிறார்கள். 2018இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது.

அதற்குப் பிறகும், 2019 ஜனவரியில், உத்தரப் பிரதேசம் பதாயூனில் வழிபாட்டிடம் சார்ந்த ஒரு காப்பகத்தில் நோயாளிகள் சங்கிலியில் கிடந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சங்கிலி தானாக அறுந்துவிடுவதில்லை.

சட்டம் காட்டும் வழிகள்

மூன்று விதமான நிலைமைகளைப் பிரித்துக்கொண்டால் சட்டம் குழப்பம் இல்லாமல் புரியும்.

முதலாவது, வீட்டில் இருப்பவர். தன்னையோ பிறரையோ காயப்படுத்திவிடும் நிலையில் இருக்கிறார், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாமல் தனக்கே கேடு நேரக்கூடிய கட்டத்துக்குப் போய்விட்டார். இவருக்காக, இவர் நியமித்த பிரதிநிதி அல்லது உறவினர் மருத்துவமனையில் விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பார்த்து ஒத்துக்கொண்டால், முப்பது நாள் வரை உள்நோயாளியாக வைத்துச் சிகிச்சை தரலாம். இதற்குக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதே இல்லை. பல குடும்பங்கள் தெரியாமல் தவறவிடுவது இந்த வழியைத்தான்.

இரண்டாவது, தெருவில் திரிபவர். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டிலோ ஆண்டாள் கோயில் தேரடியிலோ, சட்டையில்லாமல், புண் புழுத்து, யாரென்று தெரியாமல் கிடப்பவர். அவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று சட்டம் விட்டுவைக்கவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் போலீஸின் வேலையே. “அது நம்ம லிமிட் இல்ல ஏட்டையா” என்று அடுத்த ஸ்டேஷன் எல்லையில் இறக்கிவிட்டு வருகிற பழைய வழக்கத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

மூன்றாவது, பின்கட்டு அறையில் அடைபட்டவர். கொடுமைப்படுத்தப்படுகிறார் அல்லது கவனிப்பாரற்றுக் கிடக்கிறார் என்று போலீஸுக்குத் தெரியவந்தால் உடனே நடுவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அவர் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். அவர் “எழுதிக் குடுத்துருவேன்” என்று மிரட்டலாகச் சொல்வதை உதவியாகவே செய்ய முடியும். நடுவர் அந்த நபரை வரவழைத்துப் பார்த்து, எழுத்து மூலமாக உத்தரவிடலாம்: அரசு மனநல நிலையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள், அல்லது அதிகபட்சம் பத்து நாள் அனுமதித்துப் பரிசோதித்து அறிக்கை கொடுங்கள் என்று.

முந்தைய 1987 மனநலச் சட்டத்தின் காலத்தில் நடுவரின் ஏற்பு உத்தரவு ஒருவரை நெடுங்காலத்துக்கு உள்ளே அனுப்பிவிடக்கூடியதாக இருந்தது. புதிய சட்டம் அந்தக் கையைச் சுருக்கி, பத்து நாளோடு நிறுத்தியது. அதன் பிறகு வைத்திருப்பதா, விடுவதா என்பது மருத்துவர்களும், மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைமையிலான மனநல மறுஆய்வு வாரியமும் சேர்ந்து பார்க்க வேண்டியது. ஆறு பேர் கொண்ட அந்த வாரியத்தில் இரண்டு இடங்களை மனநோயோடு வாழ்கிறவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள், தொண்டு நிறுவனத்தார் ஆகியோருக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். இதை நான் இந்தச் சட்டத்தின் மிக நல்ல வரிகளில் ஒன்றாக நினைக்கிறேன்.

■ பெட்டிச் செய்தி: எத்தனை நாள், யார் அனுமதி?

24 மணி நேரம்: தெருவில் மீட்கப்பட்டவரைப் போலீஸ் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய கெடு.

72 மணி நேரம்: உயிருக்கு ஆபத்தோ கடும் பாதிப்போ நேரக்கூடிய அவசரத்தில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சை தொடங்கலாம். உறவினர் அல்லது பிரதிநிதி உடனிருந்தால் அவர் சம்மதம் வேண்டும். இந்த நேரத்தில் மின்அதிர்ச்சிச் சிகிச்சை கூடாது.

10 நாள்: பரிசோதனைக்காக நடுவர் அனுமதிக்கக்கூடிய உச்ச வரம்பு.

30 நாள்: பிரதிநிதியின் விண்ணப்பம், இரண்டு நிபுணர்களின் தனித்தனிப் பரிசோதனை. சேர்த்த ஏழு நாளுக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். நோயாளி பெண் என்றால் மூன்று நாளுக்குள்.

30 நாளுக்கு மேல்: இரண்டு மனநல மருத்துவர்களின் ஒப்புதலும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். முதலில் 90 நாள், அடுத்து 120, பிறகு ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை. எந்தக் கட்டத்திலும் நோயாளி வாரியத்தில் முறையிடலாம்.

பதினோராவது நாள்

உத்தரவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். போலீஸ் வருகிறது. காக்கிச் சட்டையோடு ஜீப் தெருவுக்குள் நுழைந்தாலே அந்த மகனின் பயம் உண்மையாகிவிடுகிறது. ‘என்னைப் பிடிக்க வருவார்கள்’ என்று இத்தனை நாளும் அவர் சொன்னது அதுதானே? மஃப்டியில் இரண்டு பேர், முடிந்தால் ஒரு செவிலியர், ஒரு 108 ஆம்புலன்ஸ் என்று போனால் பாதிப் போராட்டம் குறையும். முதல் கால் மணி நேரம் எப்படி நடக்கிறதோ, அதை வைத்துத்தான் அவர் அடுத்த பத்து வருஷம் டாக்டரை நம்புவதா இல்லையா என்று முடிவு செய்வார்.

எங்கே கொண்டுபோவது? ஒரு காலத்தில் விடை சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைதான். 1794இல் மதராஸில் தொடங்கிய பழைய காப்பகத்தின் வழிவந்தது, 1,800 படுக்கைகள் கொண்டது. ராஜபாளையத்திலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுக்கப் போக வேண்டும். அவ்வளவு தூரம் அனுப்பப்பட்டவரைப் பார்க்க எந்தக் கூலிக் குடும்பம் மாதாமாதம் போக முடியும்? பார்க்கப் போகாதபோது உறவு அறுகிறது, உறவு அறுந்தபின் நோய் குணமானாலும் வீடு திரும்ப வழியில்லை. குணமான பிறகும் மனநல மருத்துவமனைகளிலேயே தங்கிப்போனவர்களுக்காக 2017இல் உச்ச நீதிமன்றம் மறுவாழ்வு ஏற்பாடுகள் செய்யச் சொல்ல வேண்டிவந்தது இதனால்தான்.

இப்போது பக்கத்திலேயே வழி உண்டு. மதுரை பெரியாஸ்பத்திரியிலும் நெல்லை மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இயங்குகிறது. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் முறை வைத்து வருகிறார். தெருவில் மீட்கப்படுபவர்களுக்காகப் புதுக்கோட்டை, தேனி போன்ற மாவட்டங்களில் அரசு மருத்துவமனை வளாகத்திலேயே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் தொண்டு நிறுவனத்தின் துணையோடு தொடங்கப்பட்டன. மலைக்கு அந்தப் பக்கம் தேனியில் நடப்பது, இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏன் முடியாது?

சரி, சேர்த்தாயிற்று. ஊசி போட்டார்கள், தூக்கம் வந்தது. ஐந்தாம் நாள் மகன் தட்டை வாங்கித் தானே சாப்பிடுகிறார். எட்டாம் நாள் “அம்மா, வீட்டுக்குப் போலாம்” என்கிறார். பத்தாம் நாள் அறிக்கை போகிறது. பதினோராவது நாளிலிருந்து யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

மனச்சிதைவு நோய்க்கான மருந்து பெரும்பாலும் சில வாரங்களில் வேலை செய்யத் தொடங்குகிறது. அதை மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில், விடாமல் தர வேண்டும். கொஞ்சம் தெளிந்ததும் ‘இனி எதுக்கு மாத்திரை’ என்று நிறுத்துவார்கள். வாய் உலர்கிறது, உடம்பு பெருக்கிறது, கை நடுங்குகிறது, மில்லில் இரவு ஷிப்டில் தூக்கம் வருகிறது. நிறுத்த அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்டு மருந்தை மாற்றித் தர ஒருவர் வேண்டும். தினம் மாத்திரை தர முடியாத வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி உண்டு. தேதி தவறினால் வீட்டுக்கே வந்து “ஏன் வரல அண்ணே?” என்று கேட்க ஒரு சமூகப் பணியாளர் வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் சில மாதங்களில் மறுபடி கதவுக்குத் தாழ்ப்பாள் ஏறும். அடுத்த முறை அந்த மகனைக் கூட்டிப் போவது இரண்டு மடங்கு கடினம். மூன்றாம் முறை குடும்பம் சலித்து ஏர்வாடி பஸ்ஸைப் பார்க்கும்.

தொடர்ந்து கவனித்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முதலாக மனச்சிதைவு நோய் கண்ட 90 பேரை, டாக்டர் ஆர்.தாராவும் ஸ்கார்ஃப் மனநல ஆய்வு அமைப்பினரும் இருபது ஆண்டுகளுக்கும் மேல் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பத்து ஆண்டு முடிவில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். ‘இது தீராத நோய், விட்டுவிடுங்கள்’ என்று சொல்கிறவர்களுக்கு நம் ஊரிலிருந்தே கிடைத்த பதில் இது.

பணமும் ஒரு பெரிய விஷயம். ஒரு மகன் வீட்டில் கிடந்தால் இன்னொருவர் வேலைக்குப் போக முடியாது. சத்திரப்பட்டித் தறியில் பாண்டேஜ் துணி நெய்கிற வீட்டில், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வீட்டில், அது பாதி வருமானம். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறனாகச் சேர்த்திருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று பெற்றால் சலுகைகளுக்கு வழி பிறக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசு மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருகிறது. ஆனால் சான்று வாங்க நோயாளியே நேரில் வர வேண்டும். அறையை விட்டு வெளியே வராதவரை எப்படிக் கூட்டிப் போவது? அந்தப் பத்து நாளிலேயே, மருத்துவமனையில் இருக்கும்போதே, சான்றை முடித்துக் கொடுத்தால் என்ன?

கட்டாயம் யாருக்கு?

நீதிமன்றம் இதில் நுழைவதையே பயத்தோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பூர்வீக வீட்டில் பங்கு கேட்ட தம்பியை, சாதி தாண்டிக் காதலித்த மகளை, பிடிக்காமல் போன மனைவியைப் ‘புத்தி சரியில்லாதவர்’ ஆக்கிவிடுவது நம் ஊரில் கேள்விப்படாத விஷயமா? சட்டம் இதை எதிர்பார்த்திருக்கிறது. சமூகத்தின் ஒழுக்க, கலாச்சார, மத எண்ணங்களோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. விவாகரத்து போன்ற வழக்கில் மனநோய் என்று ஆதாரம் காட்டி, எதிர்த்தரப்பு அதை மறுத்தால், நீதிமன்றம் விஷயத்தை மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். நோயாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு. நல்ல நிலையில் இருக்கும்போதே ‘எனக்கு மறுபடி முற்றினால் இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம், இவர் எனக்காகப் பேசட்டும்’ என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் உரிமை உண்டு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2022இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குடும்பத்தினரே நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிபதி ஒருவரைப் பூட்டிவைக்க உத்தரவிடுவதில்லை. முதற்கட்டமாக ஓராண்டு வரை ஒரு சிகிச்சைத் திட்டத்தை மேற்பார்க்கிறார். மருந்து, வீடு, பணியாளர் எல்லாம் அதில் வரும். மாவட்ட நிர்வாகம் தர வேண்டியதைத் தராவிட்டால் அபராதம் போடலாம். அந்த முறையிலும் சர்ச்சைகள் உண்டு, உரிமை அமைப்புகள் எதிர்த்தன. இருந்தாலும் அதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: நீதிபதி நோயாளியைப் பார்த்து ‘நீ மாத்திரை சாப்பிட்டாயா’ என்று மட்டும் கேட்கவில்லை, நிர்வாகத்தைப் பார்த்து ‘நீ கொடுத்தாயா’ என்றும் கேட்கிறார்.

நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017 சட்டம் எழுதியிருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அது இலவசம். குறைந்தபட்சச் சேவைகள்கூட மாவட்டத்தில் அரசிடம் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் சிகிச்சை பெறலாம், செலவை அரசு ஏற்க வேண்டும். கட்டாயப்படுத்த வேண்டியது நோயாளியை அல்ல, சேவை தரக் கடமைப்பட்ட அரசை. நான் இதைத்தான் நீதிமன்றத்திடம் எதிர்பார்க்கிறேன்.

■ பெட்டிச் செய்தி: யாரைக் கூப்பிடலாம்?

14416: டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், நோயாளி வர மறுத்தால் குடும்பத்தினரே கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

15100: சட்ட உதவி எண். மனநோயாளிகளுக்கென்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தனித் திட்டமே வைத்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரிலும் மனுக் கொடுக்கலாம், வக்கீல் கட்டணம் கிடையாது.

108: ஆபத்தான நேரத்தில் ஆம்புலன்ஸ். கூப்பிடும்போதே மனநலப் பிரச்சினை என்று சொல்லிவிடுவது நல்லது.

அறிக்கையோடு ஒரு தாள்

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, அடுத்து சிகிச்சை எங்கே, யாரால், எப்படித் தொடரும் என்ற திட்டத்தை நோயாளியோடும் அவர் பிரதிநிதியோடும் கலந்து மனநல மருத்துவர் வகுக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பத்து நாள் முடிவில் நடுவருக்கு மருத்துவ அறிக்கை போக வேண்டும் என்பதும் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகக் கிடக்கின்றன. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உத்தரவில் கையெழுத்திடும் நடுவர், அறிக்கையோடு அந்தத் திட்டத்தையும் தாருங்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம். ராஜபாளையம் அரசு மருத்துவமனையில் அடுத்த ஊசி எந்தத் தேதி, எந்தப் பணியாளர் வீட்டுக்குப் போவார், மாற்றுத்திறனாளிச் சான்று விண்ணப்பம் போட்டாயிற்றா, அம்மாவுக்கு முடியாமல் போனால் பிரதிநிதி யார் என்று அதில் இருக்க வேண்டும். அதன் நகல் ஒன்று சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால், தேதி தவறியதும் கேட்க ஒரு சட்டத் தன்னார்வலர் இருப்பார். அந்தத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், முகாம் தோறும் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு. அவர்களில் ஒருவர் அந்தத் தெருவுக்கு மூன்றாம் மாதம் போய், மாத்திரை இருக்கிறதா என்று கேட்டு எழுதிக் கொண்டுவரட்டும்.